இடதுபக்க ஷட்டர்

அப்பா விட்டுப்போன காரில் ஓடாத சாமான்கள் பல. ஏசி அவர் இருக்கும்போதே நின்றுவிட்டது. முன் இடதுபக்கக் கதவின் கண்ணாடி ஷட்டர் மட்டும் தனிரகம். ஒருநாள் இறங்கும், மறுநாள் அசையாது. சுவிட்சை அமத்தினால் கண்ணாடி தானாக ஏறி இறங்கும் என்று அப்பா ஊரெல்லாம் பெருமை பேசித் திரிந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல்தான் வருகிறது. கையால் சுற்றுகிற பழைய பிடி இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

கட்டாரில் பெரிய கட்டடங்களுக்கு ஏசி பூட்டுகிற தம்பி, லீவில் வந்ததும் முதல் வேலையாக அந்தக் கதவின் உள்தட்டைத்தான் கழற்றினான். எனக்கு அவனிடம் கேட்க ஒன்றே ஒன்று இருந்தது. அப்பா போனபின் பாலையூற்று வீட்டில் நான் தனி. துறைமுகப் பக்கத்துக் கந்தோரில் வேலை முடிந்து வந்து, எனக்கு நானே தேத்தண்ணி ஊற்றிக் குடித்துவிட்டுப் படுக்கிறவள். அவனும் கலியாணம் வேண்டாம் என்று விட்டவன். அங்கே கிடந்தது போதும், வந்து இங்கேயே இரு என்று சொல்லவேண்டும்.

ஆனால் எங்கள் வீட்டில் எவரும் எதையும் நேரே கேட்பதில்லை. கேட்டாலும் ஒருமுறைதான். பதில் வராவிட்டால் அதுதான் பதில் என்று எடுத்துக்கொண்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். அப்பாவின் ரோசம் அது. காரைப் போல அதையும் எங்கள் இருவருக்கும் பொதுவாக விட்டுப்போயிருந்தார். ஆகவே அவன் கழற்றிய ஆணிகளை நான் ஒரு மூடிக்குள் ஏந்திக்கொண்டு நின்று, ஷட்டரைப் பற்றியே கதைத்தேன்.

காரை வேம்பின் கீழ் நிறுத்தி, நான்கு கதவுகளையும் விரியத் திறந்துவிட்டுத்தான் வேலை நடந்தது. திருகோணமலை வெயிலில், ஏசி இல்லாத காருக்குள் கதவைச் சாத்திக்கொண்டு எந்தப் பைத்தியம் இருக்கும்? பியூஸ் நல்லதாக இருந்தது. பட்டரியிலிருந்து நேரே கரண்ட் கொடுத்தபோது மோட்டரும் சுற்றியது. சுவிட்சைப் பிரித்தால் உள்ளே செம்பெல்லாம் பச்சை பிடித்துக் கிடந்தது.

"கடல்காத்து அக்கா. உப்புத் திண்டிட்டுது," என்றான். சுரண்டித் துடைத்துப் பூட்டினான். கண்ணாடி இறங்கியது, ஏறியது. நான் கைதட்டினேன்.

மறுநாள் சாம்பல்தீவுக்குப் போகிற வழியில் அது அசையமாட்டேன் என்றது. ஓரமாக நிறுத்தச் சொல்லி, வேர்த்து விறுவிறுத்து இறங்கி, கதவைத் திறந்து சுவிட்சில் கைவைத்தான். ஒன்றுமே நடக்காததுபோலக் கண்ணாடி இறங்கியது.

"பாருங்கோ, நடிக்குது."

"அப்பான்ர கார்தானே," என்றேன்.

திரும்பவும் அதே வேம்பு, அதே விரியத் திறந்த கதவுகள், அதே சுரண்டல். புல்மோட்டைக்கு ஒருநாள் போய்வருவோம் என்று சொல்லிக்கொண்டே இருந்தோம், போகவில்லை. லீவு அந்தக் கதவோடு கரைந்துபோயிற்று.

அவன் போகிற நாள் காலையில் மழை. பஸ் ஸ்டாண்டுக்கு நானே ஏற்றிப் போனேன். எல்லாக் கண்ணாடிகளும் ஏற்றிக் கிடந்தன, உள்ளே ஆவி படிந்திருந்தது. கொழும்பு பஸ்ஸுக்குப் பின்னால் நிறுத்தினேன். கூரைக்குக் கீழே, ஊருக்குள் திரிகிற மான்கள் இரண்டு ஆட்களோடு ஆட்களாக ஒதுங்கி நின்றன. அவன் ஒரு காலை வெளியே வைத்த பிறகுதான் எனக்கு வாய் திறந்தது.

"தம்பி, இனி வந்து இஞ்சயே இருந்தா என்ன?"

என்னைப் பார்த்தான். பின்னால் வந்த பஸ் ஹோர்ன் அடித்தது. இறங்கி, கதவைச் சாத்தி, பையைத் தோளில் போட்டவன், திரும்பிக் குனிந்து கண்ணாடிக்கு அப்பால் ஏதோ சொன்னான். வாய் அசைவது தெரிந்தது. பஸ் இரைச்சலில் ஒரு சொல்லும் கேட்கவில்லை. நான் எட்டி அந்தக் கதவுச் சுவிட்சை அமத்தினேன், திரும்பத் திரும்ப அமத்தினேன். ஒரு முனகல்கூட இல்லை. யாரோ ஒரு கண்டக்டர் காரின் பின்புறத்தில் தட்டி, எடு எடு என்று சத்தம் போட்டான். எடுத்துவிட்டேன்.

போய்ச் சேர்ந்து போனில் கோல் எடுத்தான். சாப்பாட்டைப் பற்றிக் கதைத்தோம், வெயிலைப் பற்றிக் கதைத்தோம். அன்று என்ன சொன்னாய் என்று நான் கேட்கவில்லை. முக்கியமானது என்றால் திரும்பச் சொல்லட்டுமே என்று இருந்தேன்.

மாரி வந்தது. ஒருநாள் கந்தோரால் வந்து முற்றத்தில் நிறுத்தினால், என் பக்கத்தில் கணுக்கால் அளவு வெள்ளம். இடதுபக்கத்தால் இறங்கலாம் என்று அந்தச் சீற்றுக்கு நகர்ந்து, மழை குறையட்டும் என்று கதவைத் திறக்காமல் இருந்தேன். கை சும்மா கிடக்குமா? சுவிட்சை அமத்தினேன். அசையவில்லை. இறங்குவதற்குக் கதவைத் திறந்தபோது இன்னொருமுறை அமத்தினேன், இறங்கியது. சாத்தினேன், செத்துக் கிடந்தது. திறந்தேன், உயிர் வந்தது. கதவுக்கும் காரின் உடலுக்கும் இடையில் வயர்கள் போகிற ரப்பர் குழாயை இழுத்துப் பார்த்தேன். உள்ளே ஒரு வயர் அறுந்திருந்தது. கதவு திறந்திருந்தால் இரண்டு முனையும் முட்டும், சாத்தினால் விலகும்.

அப்போதே தம்பிக்குக் கோல் எடுத்துச் சொன்னேன்.

"ஐயோ, நாங்கள் ஒருக்காலும் சாத்திப்போட்டுப் பாக்கேல்லையே!" என்று விழுந்து விழுந்து சிரித்தான். அந்தச் சிரிப்பில் எனக்கும் துணிவு வந்தது.

"அண்டைக்கு பஸ் ஸ்டாண்டில என்ன சொன்னனி?"

சிரிப்பு நின்றது. "உங்களுக்குக் கேக்கேல்லையா?"

"கண்ணாடி இறங்கேல்லையடா."

"நிக்கட்டோ எண்டு கேட்டனான் அக்கா. டிக்கட்டைத் தள்ளிப் போட்டிட்டு இப்பவே நிக்கட்டோ எண்டு. நீங்கள் காரை எடுத்துக்கொண்டு போயிட்டியள். வேண்டாமாக்கும் எண்டு நினைச்சன்," என்றான். "போன மாசம்தான் திரும்ப அஞ்சு வருசத்துக்குக் கையெழுத்து வச்சனான்."

எனக்கு அழுகை வந்தது. அதை அவனுக்குக் காட்டாமல் இருக்கவும் ஏலவில்லை.

"நான் கதவைத் திறந்து கேட்டிருக்கலாம் தம்பி."

"நானும் திறந்திருக்கலாம்," என்றான்.

பூட்டாத கதவு. அவனுடைய கையும் என்னுடைய கையும் அதற்குப் பக்கத்திலேயேதான் இருந்தன. திறந்திருந்தால் கண்ணாடியும் இறங்கியிருக்கும்.