உமியில் புதைந்த செருப்பு

மாவுக்கட்டு பிரித்த மறுவாரம், மகளும் நானும் அரியலூரிலிருந்து பெரம்பலூருக்குப் படம் பார்க்கப் போனோம். பஸ்ஸில் அவளுடைய அடிபட்ட கை என் பக்கம் இருந்தது. ஒவ்வொரு வேகத்தடையிலும் என் கை தானாகவே அவள் முழங்கையைத் தாங்கப் போனது.

"ம்மா, அது ஒட்டிருச்சு. வுடும்மா."

அது ஒரு சண்டைப் படத்தின் இரண்டாம் பாகம். வெளிநாட்டுப் படம், தமிழில் டப்பிங் செய்தது. அதைப் பார்த்துத்தான் அவள் குதித்தாள். ஊருக்கு வெளியே, வேலை நின்றுபோன சுண்ணாம்புக்கல் சுரங்கத்தின் ஓரம் லாரி எடை போடும் பழைய அறை ஒன்று இருக்கிறது. அதன் மாடியிலிருந்து கீழே இருந்த கல்தூள் குவியலில் குதித்தாள். கல்லூரித் தோழி அதைப் போனில் வீடியோ எடுத்தாள். காய்ந்த தூளாக இருந்திருந்தால் கால் புதைந்திருக்கும். முதல் நாள் மழை பெய்திருந்தது. வெயில் பட்டதும் மேலே பொடிபோலத்தான் தெரியும். உள்ளே காரை பூசியதுபோல் இறுகிவிடும். இந்த ஊரில் பிறந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அவளுக்கும் தெரியும். கை ஒடிந்தது, தலையும் இடித்தது. நான் போய்ச் சேர்ந்தபோது முகமெல்லாம் வெள்ளையாக, கண் மூடிக் கிடந்தாள். பிறகு கண் திறந்து தண்ணீர் கேட்டாள். அந்த இடைப்பட்ட நேரத்திலிருந்து நான் இன்னும் முழுதாக வெளியே வரவில்லை.

கட்டு பிரித்ததும், பாதியில் நின்றுபோன கராத்தே வகுப்புக்குத் திரும்பப் போகட்டுமா என்று கேட்டாள். முடியாது என்றேன். என் கணவர் அதற்கும் மேலே போனார். "அந்தப் படம் எடுத்தவனப் புடிச்சு மொதல்ல உள்ள போடணும்."

"பாக்காமலே திட்டாதீங்கப்பா. அம்மா ஒரு தடவ பாக்கட்டும். பாத்துட்டும் வேணாம்னா, நான் அப்புறம் கேக்கவே மாட்டேன்."

"நீ முழுசாப் பாத்தியாடி?" என்றேன்.

"போன்ல பாத்தேன்."

துண்டு துண்டாகத்தான் பார்த்தாள் என்பது தியேட்டருக்குள் உட்கார்ந்த பிறகு தெரிந்தது.

பகல் காட்சி. கூட்டமில்லை. முதல் சண்டை தொடங்கியதுமே நான் எழுந்து வெளியே போய்விட்டேன். தண்ணீர் குடித்தேன். போஸ்டரில் காற்றில் பறந்துகொண்டிருந்த பெண்ணைப் பார்க்கப் பிடிக்காமல் உள்ளே திரும்பினேன்.

முதல் பாகத்தில் அந்தப் பெண் எல்லோரையும் பழிவாங்கி முடித்துவிட்டாளாம். இதில் அவளுக்கு என் வயது. ஒரு முழங்கால் சரியில்லை. உதைக்கும் முன் மற்ற காலில் பாரத்தை மாற்றிக்கொள்கிறாள். அது நமக்குத் தெரிகிறது. கேமரா தள்ளி நின்று நிதானமாகப் பார்க்கிறது. யார் கை, யார் கால் என்று குழம்ப வேண்டியதில்லை. அடி விழும் சத்தத்தைவிட, அடித்தபின் மூச்சு வாங்கும் சத்தம்தான் பெரிதாகக் கேட்கிறது. வலித்தால் வலிக்கிறது. இப்படி ஒரு சண்டைப் படத்தை நான் பார்த்ததில்லை என்று ஒப்புக்கொள்ள எனக்குக் கோபமாக வந்தது. தமிழ்க் குரல் கொடுத்தவர்கள்தான் வில்லனை மதுரைக்காரனாக்கிக் கெடுத்திருந்தார்கள். முன்வரிசையில் ஒருவர், "அண்ணனுக்கு ரெண்டு பரோட்டா சொல்லுங்கப்பா" என்று கத்தினார். நானும் சிரித்துவிட்டேன்.

பிறகு அந்த இடம் வந்தது. நெல் கிடங்கின் கூரையில் அவள். கீழே உமிக் குவியல். மகளின் கையைப் பிடித்துக்கொண்டேன், நல்ல கையை.

அவள் உடனே குதிக்கவில்லை. ஒரு செருப்பைக் கழற்றிக் கீழே போட்டாள். பின்னால் ஆட்கள் ஏணியில் ஏறிவரும் சத்தம். அவள் திரும்பாமல் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது உமியில் விழுந்து புதைந்து, காணாமல் போனது. அப்போதும் கொஞ்சம் தயங்கினாள். அந்த முகத்தில் இருந்த பயம் எனக்குப் பழக்கமானது.

"இது போன்ல இல்லம்மா" என்றாள் மகள்.

"எது?"

"செருப்பு. குதிக்கிறது மட்டுந்தான் இருந்துச்சு."

அவள் குதித்ததை நான் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன்.

பஸ் நிலையத்தில் டீ வாங்கினோம்.

"படம் எப்படிம்மா?"

"நல்லாத்தான் எடுத்துருக்கான், பாவி."

"அப்ப போவட்டுமா?"

டீ ஆறிக்கொண்டிருந்தது. வேண்டாம் என்று சொல்லத்தான் வாய் திறந்தேன். இனி கேட்கவே மாட்டேன் என்று அவள் சொன்னது நினைவுக்கு வந்தது. கேட்காமல் இருந்துவிடுவாள். எனக்குத் தெரியாமல் இன்னொரு மாடியில் போய் நிற்பாளோ என்றும் தோன்றியது.

"போ. ஆனா நானும் வந்து ஒக்காருவேன்."

"அய்யோ, எல்லாரும் சிரிப்பாங்கம்மா."

"சிரிக்கட்டும்டி."

இப்போது வகுப்பு நாட்களில் கதவோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி எனக்கு. கையைக் காப்பாற்றிக்கொண்டு விழுவது எப்படி என்பதிலிருந்து மாஸ்டர் அவளுக்கு மறுபடி தொடங்கியிருக்கிறார். விழும் முன் அவள் பாயைக் காலால் ஒருமுறை அழுத்திப் பார்க்கிறாள். எனக்காகச் செய்கிறாளா, தனக்காகவா, தெரியவில்லை. தொம்மென்று சத்தம் கேட்கும்போதெல்லாம் நான் பாதி எழுந்துவிடுகிறேன். அவள் எழுந்து நின்றபிறகுதான் உட்காருகிறேன்.