மேல் அம்பு

என் வீட்டுக்காரரை வேலைக்குப் போகும் இடங்களில் 'மெனுக்காரர்' என்றுதான் கூப்பிடுவார்கள். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, மௌஸ் கிடையாது. அம்பு விசையால் மேலும் கீழும் நகர்ந்து வேண்டியதைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அல்லது அதற்குரிய எழுத்தைத் தட்ட வேண்டும். அப்படிப்பட்ட மெனுக்களை எழுதிக் கொடுப்பதே அவர் பிழைப்பு. வீட்டில் உப்பு டப்பா எங்கே இருக்கிறது என்று தெரியாது. ஆனால் எந்த விசைக்கு என்ன நடக்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அந்தக் கர்வத்தை நானும் ரசித்தவள்தான், பொய் சொல்வானேன்.

பூக்களை வைக்கும் குளிர்கிடங்கு ஒன்றுக்கும் மெனு எழுதியது அவர்தான். அங்கே கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து குளிரைக் கூட்டிக் குறைப்பது அவருடைய அக்காவின் வேலை. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். இவருக்குச் சின்ன வயதில் சட்டைப் பித்தான் போடக் கற்றுக்கொடுத்தவர் அவர்.

மழை விடாமல் பெய்த ஒரு நாளுக்கு மறுநாள் காலை, கிடங்கைத் திறந்தால் பூவெல்லாம் வாடிக் கறுத்துக் கிடந்தது. முந்தைய மாலை அண்ணி கிளம்பும் நேரத்தில் எல்லா அறைகளிலும் குளிர் நிறுத்தப்பட்டதாகக் கணினி காட்டியது. முதலாளி எல்லோரையும் பேக்கிங் கூடத்தில் கூட்டினார். இவரையும் வரச் சொல்லியிருந்தார்.

"நான் மேல் அம்பத்தான் அழுத்தினேன். தெர மொத பக்கத்துக்கு வந்திடுச்சு, கிளம்பிட்டேன். வேற எதையும் தொடல" என்றார் அண்ணி.

இவர் சிரித்தார். "அக்கா, மேல் அம்ப அழுத்தினா அறை எப்படி நிக்கும்? பக்கத்துல எதையாவது தட்டியிருப்பே. வயசாச்சு, மொதல்ல கண்ணாடிய மாத்து."

கூடமே சிரித்தது. அன்றைக்கே அண்ணியை நாற்காலியிலிருந்து எழுப்பிப் பூக்கட்டு அடுக்கும் வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். அந்தக் கண்ணாடிப் பேச்சை நானும் அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரித்தேன்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு இணையம் படுத்துவிட்டது. இவர் கைபேசியின் நொண்டி இணைப்பில் அதே மெனுவின் சோதனைப் பிரதியைத் திறந்து ஏதோ திருத்திக்கொண்டிருந்தார். மேல் அம்பை அழுத்தினார். எல்லா அறைகளும் நின்றுவிட்டதாகத் திரை சொன்னது. மறுபடி அழுத்திப் பார்த்தார். மறுபடியும் அதேதான். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"என்னங்க ஆச்சு?"

"அம்பு விசைய அழுத்தினா ஒரு எழுத்து போகாது, மூணு போகும். மொதல்ல எஸ்கேப், அப்புறம் ஒரு அடைப்புக்குறி, கடைசியா ஆங்கில ஏ. மூணும் சேர்ந்து வந்தா மேல் அம்புன்னு என் புரோகிராம் புரிஞ்சிக்கும். லைன் மெதுவா இருந்தா தனித்தனியா வருது. எஸ்கேப்னா 'வேண்டாம்'னு எடுத்துக்கிட்டு மொத பக்கத்துக்குப் போயிடுது, பின்னாடி வர்ற ஏ-வ யாரோ தட்டினதா நெனச்சிடுது."

"ஏ தட்டினா?"

"எல்லா அறையும் நிறுத்து."

"நிறுத்தட்டுமான்னு ஒரு வார்த்த கேக்காதா உங்க மெனு?"

"நேரம் வீணாகுதுன்னு அத எடுத்துட்டேன்" என்றார். "கிடங்கு லைன் மழைன்னா இழுக்கும். எனக்குத் தெரியும். தெரிஞ்சும்தான் சிரிச்சேன்."

எனக்கும் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அன்று மாலையே இரண்டு பேரும் அண்ணி வீட்டுக்குப் போனோம். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவரிடம் இவர் எல்லாவற்றையும் சொன்னார். அண்ணி குழாயை நிறுத்தவில்லை.

"அன்னைக்கு நீ சிரிச்சப்ப அங்க யாரெல்லாம் இருந்தாங்கடா?"

"எல்லாரும் இருந்தாங்கக்கா" என்றார் இவர்.

"இப்ப யார் இருக்கா? நீ, நான், உன் பொண்டாட்டி." அடுத்த தட்டை எடுத்துக்கொண்டார்.

மெனுவை அன்றிரவே சரிசெய்துவிட்டார். மறுநாள் கிடங்குக்குப் போனபோது நானும் ஒட்டிக்கொண்டேன். பாதி வழியில் திரும்பிவிடுவாரோ என்று பயம். முதலாளியிடம் விஷயத்தைச் சொல்லி, அதே கூடத்தில் எல்லோரையும் கூட்டச் சொன்னார்.

"தப்பு என்னுது. எங்க அக்கா சொன்னதுதான் நெஜம். கேக்காம உங்க எல்லார் முன்னாடியும் அவங்கள அவமானப்படுத்தினேன்."

பின்னாலிருந்து ஒரு குரல், "மெனுக்காரரே, கண்ணாடிய மாத்துங்க!" என்றது. சிரிப்பு கிளம்பியது. தலையைக் குனிந்தபடி அதை வாங்கிக்கொண்டார். வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே வந்தவள் நான். ஆனாலும் அந்த நேரத்தில் பார்க்கச் சகிக்கவில்லை.

முதலாளி அண்ணியைப் பழைய நாற்காலியில் போய் உட்காரச் சொன்னார். அண்ணி கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வாசலை அடைத்துக்கொண்டு கூட்டம் நின்றது. மேல் அம்புக்கு மேலே விரலைக் கொண்டுபோனார். முன்பெல்லாம் பார்க்காமலே அழுத்துகிறவர், இப்போது விசையை ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு அழுத்தினார்.

திரையில் வெளிச்சப் பட்டை ஒரு வரி மேலே போனது. வேறு எதுவும் நடக்கவில்லை.

அண்ணி திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "இதத்தான்டா நான் அன்னைக்கும் அழுத்தினேன்."