சஹனின் ஆறாவது பக்கம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பேய் பிசாசுக் கதை கேட்டால் எழும்பிப் போகிற ஆள். ஜின் இருக்கிறது என்று மார்க்கம் சொல்கிறது, அதை மறுக்க எனக்கென்ன துணிச்சல், ஆனால் சுனாமிக்குப் பிறகு எங்கள் சாய்ந்தமருதில் கடற்கரைப் பக்கம் பிள்ளைகள் அழுகிற சத்தம் கேட்கிறது, ஈர உடுப்போடு யாரோ போகிறார்கள் என்றெல்லாம் ஆட்கள் கதைத்தபோது, "உங்கட காதுலதான் என்னமோ கிடக்கு, டொக்டர்ட காட்டுங்க" என்று முகத்துக்கு நேரே சொன்னவன் நான். இப்போது நீங்கள் எனக்கு அதையே சொல்லப்போகிறீர்கள். சொல்லுங்கள், பரவாயில்லை. ஆனால் இது இருட்டில் நடக்கவில்லை, லுஹர் தொழுதுவிட்டு வந்து நின்ற நேரத்தில், வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தபோது நடந்தது.

கோமாரியில் கடலைப் பார்த்தபடி எனக்கு நாலு கபானா இருக்கின்றன, ஓலை வேய்ந்த சின்ன அறைகள்தான். வெளிநாட்டு ஆட்கள் வருவார்கள், சீசன் நேரம் கொழும்பு ஆட்களும் வருவார்கள். விடியலில் கடலுக்கு மேலே சூரியன் எழும்புவதைக் காட்டுவேன், பிறகு தோணியில் களப்புக்குள், அதாவது உப்புநீர் ஏரிக்குள், கூட்டிப்போய் முதலை காட்டுவேன், அதிர்ஷ்டம் இருந்தால் கரையில் யானை நிற்கும், திரும்பி வந்ததும் செவ்விளநீர், அதற்குப் பிறகு எங்கள் ஊர் சஹன் சாப்பாடு. கடலுக்கு முன்னால் தூங்குவதற்கு மனிசன் காசு கொடுப்பானா என்று தொடக்கத்தில் எனக்குச் சிரிப்பாக இருந்தது. இப்போது சிரிப்பதில்லை, அதுதானே எனக்குச் சோறு போடுகிறது.

சமையல் என்னுடைய ராத்தா. கூடப்பிறந்த மூத்தவள், பெயர் ஜெஸீமா. சுனாமியில் அவளுடைய மாப்பிள்ளையும், என் மச்சான், போனார், நாலு வயது மகள் றிஸ்னாவும் போனாள். மச்சானின் மையித்து கிடைத்தது, அடக்கினோம். றிஸ்னா கிடைக்கவில்லை. போதாக்குறைக்கு ஒருவர் வந்து, யாரோ ஒரு பெண் சின்னப் பிள்ளையொன்றைத் தூக்கிக்கொண்டு மெயின் ரோட்டுப் பக்கம் ஓடியதைக் கண்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார், பாவம். ஆனால் அந்த ஒரு பேச்சில் ராத்தாவின் வாழ்க்கை அந்த இடத்திலேயே நின்றுபோனது.

கோமாரிக்கு வரச் சொன்னபோது மாட்டேன் என்பாள் என்றுதான் நினைத்தேன், ஏனென்றால் அவள் கடல் பக்கம் முகத்தையே திருப்பமாட்டாள். உடனே வந்துவிட்டாள். குசினிக்குக் கடல் பக்கம் ஜன்னல் வைக்காதே என்று மட்டும் சொன்னாள், வைக்கவில்லை. ஏன் வந்தாள் என்பது பிறகுதான் விளங்கியது. றிஸ்னா இருந்திருந்தால் வந்திருக்கும் வயதில், பதினெட்டு, இருபதில், ஒரு பெண் பிள்ளை வந்து இறங்கினால் போதும், அடுப்பை அப்படியே விட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வருவாள், இளநீரைத் தானே கொண்டுபோய்க் கொடுப்பாள், கொடுத்துவிட்டு முகத்தைப் பார்ப்பாள். அப்படி ஒரு பார்வை. ஒருநாள் கொழும்புப் பிள்ளையொன்று, "ஆன்ட்டி ஏன் என்னை இப்படிப் பார்க்கிறா?" என்று கேட்டாள். கண் பார்வை குறைவு மகள் என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் போய் நின்று அழுதேன்.

வருஷா வருஷம் இறந்துபோன மச்சானுக்காகக் குர்ஆன் ஓதி, கத்தம் என்று ஏழைகளுக்குச் சாப்பாடு கொடுப்போம். மகளின் பெயரையும் சேர்ப்போம் என்றால் ராத்தா ஒரேயடியாக மறுத்துவிடுவாள்.

"மௌத்தானவங்களுக்குத்தான் கத்தம். என்ட புள்ள மௌத்தானத்த ஆரு கண்ட?"

எத்தனை வருஷம்தான் பார்த்துக்கொண்டிருப்பது. அந்த முறை நான் விடவில்லை. "ராத்தா, அந்தப் புள்ளைக்கு நாம இதுவரைக்கும் ஒரு துஆக் கூடக் கேக்கல்ல. உம்மா எனக்காகக் கேக்கல்லயே எண்டு அது அங்க நினைக்காதா?" என்றேன். கடுமையான பேச்சுத்தான், தெரிந்துதான் பேசினேன். நெடுநேரம் அழுதாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஓம் தம்பி, வாற வெள்ளிக்கிழம ஓதுவம்" என்றாள். மௌலவிக்கும் சொல்லிவிட்டேன், ஆட்டுக்கும் சொல்லிவிட்டேன்.

அந்தக் கிழமைதான் ஜெர்மன் குடும்பமொன்று வந்து தங்கியிருந்தது. தாய், தகப்பன், மூன்று சின்னப் பையன்கள். களப்பில் யானையைப் பார்த்துவிட்ட சந்தோஷத்தில் வந்து கொட்டிலில் பாயில் உட்கார்ந்தார்கள். சஹன் என்பது தெரியும்தானே, பெரிய தட்டத்தில் சோற்றைக் குவித்து, கறிகளைச் சுற்றிவைத்து, ஆறு பேர் வட்டமாக இருந்து சாப்பிடுவது. அவரவருக்கு முன்னால் இருப்பதைத்தான் சாப்பிட வேண்டும், அடுத்தவர் பக்கம் கைபோடக் கூடாது. இதை நான் வருகிற எல்லோருக்கும் சொல்லிக்கொடுப்பேன், அவர்களுக்கு அது ஒரு விளையாட்டு.

ராத்தா தட்டத்தைத் தூக்கித் தந்தபோது பார்த்தேன், இறைச்சி ஆறு பங்கு.

"ராத்தா, அஞ்சு பேர்தான் இரிக்காங்க."

"சஹன் எண்டா ஆறுதான், எனக்கு வேற மாதிரி வைக்கத் தெரியா. ஒரு பக்கம் கிடந்திட்டுப் போகட்டும்."

சரியென்று கொண்டுபோய் வைத்தேன். கையால் சாப்பிட அவர்களுக்கு வராது, ஆளுக்கொரு கரண்டி கேட்டார்கள், கொடுத்தேன். ஐந்து பேரும் பாயில் பரவலாக இருந்தார்கள், தட்டத்தின் ஒரு பக்கம் தொடாமல் கிடந்தது, இதை நான் இரண்டு கண்ணாலும் கண்டேன். பிறகு இனிப்புக்கு வட்டிலப்பம் எடுக்கக் குசினிக்குப் போனேன். உங்கள் ராத்தாதான் தின்றிருப்பாள் என்று எனக்குச் சொல்ல வராதீர்கள், அவள் எனக்கு முன்னால் நின்று வட்டிலப்பம் வெட்டித் தந்துகொண்டிருந்தாள்.

திரும்பி வந்தேன். அந்த ஐந்து பேரும் ஒருவரோடொருவர் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள். இடையில் ஒரு ஆள் இருக்கக்கூடிய இடம் வெறுமையாக இருந்தது. ஏன் இப்படி ஒதுங்கி இருக்கிறீர்கள் என்று கேட்டேன். அந்தத் தாய் சுற்றிப் பார்த்தாள், அவளுக்கே அது அப்போதுதான் தெரிந்தது போல. "தெரியவில்லையே, நாங்களாகவே ஒதுங்கிவிட்டோம்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், சின்னவன் மட்டும் சிரிக்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவர்கள் எழும்பிப் போன பிறகு ராத்தா தட்டம் எடுக்க வந்தாள். ஆறாவது பக்கமும் சாப்பிட்டு முடிந்திருந்தது. சோற்றில் கிடந்த பிளம்ஸ், அந்தக் காய்ந்த திராட்சை, எல்லாம் ஒன்றுவிடாமல் தட்டத்தின் விளிம்புக்கு ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது. மற்ற ஐந்து பக்கமும் கரண்டி சுரண்டிய அடையாளம், இந்தப் பக்கத்தில் மட்டும் கறியை வழித்தெடுத்த விரல் தடங்கள்.

ராத்தா அப்படியே பாயில் குந்திவிட்டாள்.

"றிஸ்னா பிளம்ஸ் தின்னமாட்டா தம்பி. இப்படித்தான் ஒதுக்கிவெப்பா."

எனக்குக் கோபம்தான் வந்தது, பயத்தில் வருகிற கோபம். "உங்களுக்கென்ன பைத்தியமா ராத்தா? அந்தப் பொடியன்மார்ல ஒருத்தன் கையப் போட்டு அள்ளித் திண்டிருப்பான்" என்று சத்தம் போட்டேன். அவள் காதில் வாங்கவேயில்லை. தன்னுடைய வலது கையை விரித்து மெதுவாக அந்தத் தடங்களுக்கு மேலே வைத்தாள். ஒவ்வொரு விரலும் அந்தந்தத் தடத்தில் சரியாகப் போய் இருந்தது, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பொடியன்களின் கை அந்த அளவில் பாதி வராது. நான் நம்பச் சொல்லவில்லை, பார்த்ததைச் சொல்கிறேன்.

"என்ட கையளவுக்கு வந்திட்டா," என்றாள். அழவில்லை. அவள் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தைச் சுனாமிக்குப் பிறகு நான் கண்டதேயில்லை, அதைப் பார்க்கத்தான் என்னால் முடியவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினாள். "கத்தம் வேணாம் தம்பி. மௌத்தாப்போன புள்ள வளருமா? நீயே செல்லு."

வெள்ளிக்கிழமை மௌலவிக்கு போனில் கோல் எடுத்து, ராத்தாவுக்குச் சுகமில்லை, பிறகு பார்ப்போம் என்றேன். அந்த ஆட்டை வாங்கவில்லை.

இதெல்லாம் நடந்து நாலைந்து சீசன் போய்விட்டது. ஆட்கள் வருகிறார்கள், சூரியனைப் பார்க்கிறார்கள், முதலையைப் பார்க்கிறார்கள், இதுதான் சொர்க்கம் என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். பெண் பிள்ளை வந்து இறங்கினால் ராத்தா இப்போதும் ஓடி வருகிறாள், ஆனால் முகத்தைப் பார்ப்பதில்லை. இளநீரை வாங்குகிற கையைப் பார்க்கிறாள்.

எனக்குள்ள கஷ்டம் வேறு. ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் கையேந்தி, வாப்பா உம்மாவுக்கும் மச்சானுக்கும் பாவமன்னிப்புக் கேட்கிறேன், என் பிள்ளைகளுக்கு நீண்ட ஆயுள் கேட்கிறேன். அதற்குப் பிறகு றிஸ்னாவின் பெயரைச் சொல்கிறேன், சொல்லிவிட்டு என்ன கேட்பதென்று தெரியாமல் கையை ஏந்தியபடியே கொஞ்ச நேரம் இருந்துவிட்டு எழும்பிவிடுகிறேன்.