கயிறு கட்டிய கால்

தனப்பிரியாவை அவளுடைய தாய்மாமன் கந்தப்பன் என்றோ தலைமுழுகிவிட்டார். தறி ஓட்டுகிற வீட்டுப் பையன் மணிமாறனைக் கட்டிக்கொண்டாள் என்பதுதான் குற்றம். சீர் செய்ய வேண்டிய மனுஷன் மண்டப வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினார். அப்பேர்ப்பட்டவர் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியில் ஒரு காலைப் பறிகொடுத்துவிட்டு, திருச்செங்கோட்டில் அவள் வேலை பார்க்கும் செயற்கைக்கால் பட்டறைக்கே ஊன்றுகோலோடு வந்து நின்றார்.

“வேற ஆளு இல்லீங்களா?” என்று முதலாளி சிவக்குமாரைத்தான் கேட்டார். அவள் பக்கம் முகத்தைக்கூடத் திருப்பவில்லை.

“இந்த வேலைக்கு இந்தப் புள்ளதானுங்க.”

முழங்காலுக்குக் கீழே மிஞ்சியிருந்த கட்டையில் ஒரு தடித்த சாமிக் கயிறு. மறுபடியும் ரிக் வண்டி ஏறுகிற அன்றுதான் அவிழ்ப்பது என்று மாரியம்மனை வேண்டி, அத்தை ராமாயி கட்டியது.

“கயித்தக் கழட்டோணுங்க” என்றாள் தனப்பிரியா.

“இவ சொல்லி நான் கழட்டோணுமா? ஆகாதுங்க.”

கழட்டாவிட்டால் போ என்று கறுவிக்கொண்டே ஸ்கேன் எடுத்தாள். அடியில் என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை. கேட்டால் அந்த மூஞ்சியோடு பேச வேண்டுமே!

ஸ்கேனர் தருவது முழுக் காலை அல்ல, பொடி முக்கோணங்களால் பின்னிய வெறும் தோலை. அதில் அங்கங்கே ஓட்டை, கிழிசல். அவற்றை அடைத்து, முக்கோணங்களைக் குறைத்து, பெரிய நாலுமூலைக் கட்டங்களாக மாற்றிக் கொடுத்தால்தான் திடப்பொருள் வரைகிற மென்பொருள் அதை ஒரு முழுக் கட்டையாக ஏற்றுக்கொள்ளும். ஒரு ஓட்டை இருந்தாலும் திருப்பியடிக்கும். கயிறு அந்த வலையில் வரப்பு மாதிரி எழும்பி நின்றது. அதை வெட்டி எறிந்தாள். அங்கே விழுந்த ஓட்டையை மென்பொருளே வழவழவென்று மூடிவிட்டது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. வரைகிற மென்பொருளுக்குள் வலை மறுபேச்சில்லாமல் போனது, அதை வைத்துக் கால் பொருந்தும் கிண்ணமும் செய்தாயிற்று.

மாட்டிக்கொண்டு போன கந்தப்பன் மறுவாரமே ராமாயியின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். கட்டையில் ரத்தம். கிண்ணத்தை மேசைமேல் விட்டெறிந்தார்.

“வேணும்னே பண்ணிப்போட்டா! பழி தீத்துக்கிட்டா!”

தனப்பிரியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “கயித்துக்கு அடியில என்ன இருக்குதுன்னு காட்டுனீங்களா?”

“நீ கேட்டயா?”

கல்யாணத்துக்குப் பிறகு அவர் அவளிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அதுதான். கேட்கவில்லைதானே? அந்த ஆத்திரமும் அவர் தலையிலேயே விடிந்தது.

“கயிறு இருந்தா நான் தொடமாட்டேன். வேண்டுதலக் கட்டிக்கிட்டு ஒத்தக்காலோட ஊட்டுலயே உக்காந்துக்கங்க!”

கந்தப்பன் ஊன்றுகோலை ஓங்கினார். ராமாயி மேசையில் கிடந்த கத்தரிக்கோலை எடுத்து, தான் கட்டிய கயிற்றைத் தானே வெட்டினாள். அடியில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு எலும்பு முண்டு, வழவழத்த கிண்ணம் அதை அழுத்தியதில் தோலெல்லாம் வழன்று கிடந்தது.

தனப்பிரியா மறுபடி ஸ்கேன் எடுத்தாள். மேடுபள்ளத்தை இஸ்திரி போடுகிற கருவியை இந்த முறை முண்டின் பக்கம் அண்டவிடவில்லை. மற்ற இடத்தில் பெரிய கட்டங்கள், முண்டின்மேல் மட்டும் பொடிக் கட்டங்கள். அதன் மேடு இம்மியும் குறையாமல் உள்ளே ஏற்றி, கிண்ணத்தில் அதற்கென்று குழிவும் விட்டாள். பாசத்தில் அல்ல, அந்த வாய் இன்னொரு முறை தன் வேலையைக் குறை சொல்லக் கூடாது என்ற வீம்பில்.

புதுக் காலை மாட்டிக்கொண்டு கந்தப்பன் பட்டறைக்குள் நடந்து பார்த்தார். நொண்டவில்லை. நன்றாக இருக்கிறது என்று சொல்லவுமில்லை. வாசலில் நின்று, அவள் காதில் விழட்டுமென்றே ராமாயியிடம் சொன்னார்:

“ஊருல கேட்டா சேலத்துல செஞ்சதுன்னு சொல்லு. இவ பேரு வாயில வரக்கூடாது.”

ஊன்றுகோலைப் பொண்டாட்டியிடம் கொடுத்துவிட்டு, கைப்பிடியைத் தொடாமல் படி இறங்கினார். தனப்பிரியாவுக்கு அந்த முதுகைப் பார்க்கவே பிடிக்கவில்லை. ஆனாலும் கடைசிப் படியில் அந்தக் கால் ஒழுங்காக ஊன்றும் வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றாள்.