செலிக்காவின் இடது மட்கார்டு

ராகுலனை எனக்கு ரயிலில்தான் பழக்கம். காலையில் கோலார் தங்கச் சுரங்கத்துச் சாம்பியன் ஸ்டேஷனில் ஏறி பெங்களூர் கிருஷ்ணராஜபுரத்தில் இறங்குவான். மோதி நசுங்கி வரும் கார்களைத் தட்டி நிமிர்த்தும் டிங்கர் வேலை. உப்புத்தாள் பிடித்துப் பிடித்து விரல் நுனிகளில் ரேகையே தேய்ந்திருந்தது. ஆள் கலகலப்பானவன். யாரோடு பேசினாலும் பேச்சு கடைசியில் ஒரே ஒரு காரில் வந்து நிற்கும்.

அது எழுபத்தாறாம் வருஷத்து டொயோட்டா செலிக்கா. இரண்டு கதவு, நீண்ட மூக்கு, தாழ்ந்த கூரை. மெட்ராஸில் இருந்த ஒரு ஜப்பான் தூதரக அதிகாரி ஊர் திரும்பும்போது விட்டுப்போனதை ஏலத்தில் எடுத்து அதே சுரங்க ஊரின் மைசூர் மைன்ஸ் பகுதிக்குக் கொண்டுவந்தவர் டென்சில். ஆங்கிலோ இந்தியர், மைன் ஒர்க்‌ஷாப்பில் ஃபோர்மேன். ஒரு காலைச் சற்று இழுத்து நடப்பார். அம்பாசடரும் ஜீப்பும் மட்டுமே பார்த்திருந்த ஊரில் அந்தச் சிவப்பு கார் போனால் ஜனங்கள் நின்று பார்ப்பார்கள். பள்ளிக்கூடப் பையனாக இருந்த ராகுலன் அதன் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு உள்ளே பார்ப்பானாம். மற்றவர்களைப்போல டென்சில் விரட்டவில்லை. ஒருநாள் கதவைத் திறந்து உட்காரவைத்து, ஸ்டியரிங்கைப் பிடித்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்.

மைன் மூடிய பிறகு ஊரே கலைந்துபோனது. அந்த கார் எப்போது ரோட்டிலிருந்து மறைந்தது என்று யாருக்கும் நினைவில்லை.

நாலு வருஷத்துக்கு முன்னால் டென்சிலின் தங்கை கரோலின் ஆளனுப்பி ராகுலனைக் கூப்பிட்டாள். டென்சில் ஆஸ்திரேலியாவுக்குப் போய் வெகுகாலம் ஆகியிருந்தது; முந்தின வருஷம் அங்கேயே செத்துப்போனார். பங்களாவின் பின்னால் தகர ஷெட். உள்ளே, தார்ப்பாய்க்கு அடியில், நாலு சக்கரமும் தரையில் அழுந்தி செலிக்கா நின்றது.

"எடுத்துட்டுப் போ மேன்" என்றாள் கரோலின். "உனக்குத்தான் குடுக்கணும்னு சாகறதுக்கு முன்னாடி போன்ல சொன்னான். ராமசாமி பையனுக்குக் குடுன்னான்."

தன் அப்பா பேர் டென்சிலுக்கு எப்படித் தெரியும் என்று ராகுலன் அன்றைக்கு யோசிக்கவில்லை. கார் கிடைத்த சந்தோஷத்தில் காது அடைத்துப்போயிருந்தது.

டிராக்டரில் கட்டி இழுத்துவந்து வீட்டுப் பக்கவாட்டில் பழைய தகரங்களால் கொட்டகை போட்டான். ஞாயிற்றுக்கிழமைகள் அதற்கே போயின. இஞ்சின் இறுகிக் கிடந்தது. சிலிண்டர்களில் டீசலும் ஆயிலும் ஊற்றி ஆறு வாரம் ஊறவிட்டு, அங்குலம் அங்குலமாகச் சுற்றவைத்தான். தரைத்தகடு முழுக்கத் துரு. வெட்டி எடுத்துப் புதுத் தகடு பற்றவைத்தான். அப்படியே பழையபடி ஆக்குவது மட்டும் அவன் எண்ணமில்லை. உயரத்தை ஒன்றரை அங்குலம் இறக்கி, அகலச் சக்கரம் போட்டு, ஐந்து கியர் பெட்டி மாட்டி, பின்சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக் வைக்க வேண்டும் என்று படம் போட்டு வைத்திருந்தான். மலேசியாவிலிருந்து கார்புரேட்டர் வந்த அன்று ரயிலில் அதைக் குழந்தையைப்போல மடியில் வைத்துக்கொண்டு வந்தான்.

அவன் மனைவி தென்றல், ராபர்ட்சன்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர், இதை ஒரு மாதிரி ஏற்றுக்கொண்டாள். அம்மா பழனியம்மாவுக்கு மட்டும் அந்த கார் பிடிக்கவில்லை. காரணம் கேட்டால் சொல்லத் தெரியவில்லை. "அது பாக்கற மாதிரி கீதுடா" என்பாள். அந்தப் பக்க ஜன்னலைத் திறப்பதேயில்லை.

அந்த வீட்டில் புத்தர் படத்துக்குப் பக்கத்தில் ஒரு படம் உண்டு. ராகுலனின் அப்பா ராமசாமி. இருபத்தாறு வருஷம் சாம்பியன் ரீஃபில் அண்டர்கிரவுண்டில் மரம் முட்டுக்கொடுக்கும் வேலை. மூன்று முறை பாறை வெடித்துச் சரிந்தும் கூண்டேறி மேலே வந்த மனுஷன். மைன் மூடியதும் பூதிகோட்டை ரோட்டில் ஒரு கோழிப்பண்ணைக்கு வாட்ச்மேனாகப் போனார். இரண்டாயிரத்து நாலில், பனி இறங்கிய ஒரு விடியற்காலை, சைக்கிளில் போனவரை ஏதோ ஒரு வண்டி அடித்துப் போட்டுவிட்டுப் போய்விட்டது. பால்காரர் பார்க்கும்போது உயிர் இல்லை. லாரியாக இருக்கும் என்றார்கள். எந்த வண்டி, யார் என்று கடைசிவரை தெரியவில்லை.

பெயிண்டை உரிக்கும் நாள் வந்தது. பழைய காரில் எங்கே பள்ளத்தைப் பட்டிப் பசையால் மூடியிருக்கிறார்கள் என்று பார்க்க டிங்கர்கள் காந்தத்தை ஓட்டிப் பார்ப்பார்கள். தகடு இருந்தால் ஒட்டும், பட்டி தடிமனாக இருந்தால் நழுவும். கார் முழுக்க ஒட்டிய காந்தம் இடது முன் மட்கார்டில் நழுவி விழுந்தது. மறுபடி வைத்தான். மறுபடி விழுந்தது.

கிரைண்டரை வைத்துவிட்டு உப்புத்தாளால் கையிலேயே தேய்த்தான். மேலே ஒரு சிவப்பு, அடியில் பட்டி, அதற்கும் அடியில் ஒரிஜினல் சிவப்பு. பட்டி கழன்றதும் தகடு தன் உண்மையான உருவத்தைக் காட்டியது. விளக்குக்குப் பக்கத்தில் ஒரு நீளக் கீறல். அதற்கு மேலே, பானெட் ஓரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு வட்டமாக ஒரு குழி.

வருஷக்கணக்காக அடிபட்ட தகடு பார்த்தவன் அவன். சுவர் உரசினால் எப்படி, மரத்தில் மோதினால் எப்படி, மாடு விழுந்தால் எப்படி என்று கண்ணை மூடிக்கொண்டு தடவிச் சொல்வான். கீறலின் உயரத்தை டேப் வைத்து அளந்தான். பக்கத்து வீட்டுச் சுவரில் சாய்த்திருந்த சைக்கிளின் பின் கேரியரையும் அளந்தான். ஒரே உயரம். அப்போதுதான் கரோலின் சொன்னது காதில் விழுந்தது. ராமசாமி பையனுக்குக் குடு.

தார்ப்பாயை இழுத்து மூடிவிட்டு வீட்டுக்குள் போய்ப் படுத்தவன் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

அதற்கப்புறம் ரயிலில் வந்தது வேறு ராகுலன். வாசலோரம் நின்று தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டு வருவான். வேலையில் எந்த காரின் இடது பக்கம் நசுங்கி வந்தாலும் வேறு ஆளிடம் தள்ளிவிடுவான். பின்னால் எனக்குச் சொன்னான்: சுரங்கக் கழிவு மண் குவிந்த சைனைட் மலையிலிருந்து காற்றடித்தால் தார்ப்பாய் படபடக்கும். அதற்கு நடுவே சைக்கிள் செயின் சுற்றும் சத்தம் தெளிவாகக் கேட்கும். எழுந்து போய்ப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. தார்ப்பாய் மேல் வெள்ளைத் தூசி மட்டும் படிந்திருக்கும். "மனசுன்னு தெரியும். தெரிஞ்சும் ஒவ்வொரு தடவையும் எந்திரிச்சுப் போவேன்" என்றான்.

இரண்டு மாசம் கழித்து கரோலின் வீட்டுக்குப் போனான்.

"ஆன்ட்டி, அவரு எத்த இடிச்சாரு?"



"எருமைன்னான். பூதிகோட்டை ரோட்ல பனியில தெரியல, எருமைய அடிச்சிட்டேன்னான். ஷெட்டைச் சாத்திக்கிட்டு ஒரு வாரம் அவனே பட்டி வெச்சு பெயிண்ட் அடிச்சான். அப்புறம் சாவியத் தொடவேயில்ல. அடுத்த வருஷம் கிளம்பிட்டான்."

"நீங்க நம்பினீங்களா?"

"எருமை அடிச்சவன் அப்பிடி அழமாட்டான் மேன். எனக்குத் தெரியும். ரெண்டாவது கேள்வி நான் கேக்கல. கேட்டா பதில் சொல்லிடுவானேன்னு பயம். போன்ல உன் அப்பா பேர் சொன்னப்பவும் கேக்கல."

ராகுலன் எழுந்து வந்துவிட்டான். கோபப்படக்கூடத் தெம்பில்லை. கோபப்பட வேண்டியவன் கடல் தாண்டி மண்ணுக்குள் கிடந்தான்.

வீட்டுக்கு வந்ததும் கிரைண்டரில் வெட்டும் சக்கரத்தை மாட்டினான். துண்டு துண்டாக வெட்டி குஜிலிக் கடையில் பழைய இரும்பாகப் போட்டுவிடும் முடிவு. தென்றல் வந்து பிளக்கைப் பிடுங்கினாள். "மொதல்ல அத்தைகிட்ட சொல்லு. அவங்களுக்குத் தெரியாம நீ வெட்டக் கூடாது" என்றாள்.

சொன்னான். பழனியம்மா அழவில்லை. கேட்டாள்:

"அந்த ஆளு செவப்பா, ஒரு காலை இஸ்து இஸ்து நடப்பானா?"

"ஆமா. உனக்கு எப்பிடித் தெரியும்?"

"காரியத்துக்கு மறாநாள் வந்தான். நீ கடைக்குப் போய்ட்ட. வாசல்ல நின்னு தண்ணி கேட்டான். குட்த்தேன். குட்ச்சிட்டு சொம்பைத் திருப்பிக் குடுக்காம கையிலயே வச்சிக்கினு அழுதான். அப்பாகூட வேல செஞ்சவன்னு நெனச்சேன். நான்தான் அவனுக்கு ஆறுதல் சொன்னேன்டா. அழாதப்பா, விதின்னு சொல்லி அனுப்பிச்சேன்."



மறுநாள் காலை அவளாகவே கொட்டகைக்குள் வந்தாள். தார்ப்பாயை விலக்கச் சொன்னாள். பானெட் ஓரத்துக் குழியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். சரியாகப் பொருந்தியது.

"இவ்ளோதானா?" என்றாள். "இருவது வருசமா லாரி லாரின்னு நெனச்சுக்கினு இருந்தேனே. ரோட்ல போற லாரிக்கெல்லாம் சாபம் வுட்டேன். இவ்ளோ சின்னதா கீது."

"வெட்டிப் போட்டுடறேம்மா."

"வெட்டினா? துண்டு துண்டா பத்து எடத்துல கெடக்கும். இத்த நீயே நிமித்து. மூடி வெக்காத. அவன் மூடி வெச்சான்."

அடுத்த ஞாயிறு ராகுலன் மட்கார்டைக் கழற்றி மணல் மூட்டை மேல் வைத்து, உட்புறத்திலிருந்து மரச்சுத்தியால் தட்டத் தொடங்கினான். பட்டி ஒரு பொட்டுக்கூடத் தொடவில்லை. அப்படிச் செய்வது பத்து மடங்கு வேலை. தகடு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மனசு மாறும். பழனியம்மா வாசற்படியில் உட்கார்ந்து ஒவ்வொரு அடியையும் கேட்டுக்கொண்டிருந்தாள். மூன்று ஞாயிறு ஆனது. கடைசி நாளில் அவள் எழுந்து உள்ளே போய், இத்தனை நாள் சாத்தியிருந்த ஜன்னலைத் திறந்து வைத்தாள்.

தான் வந்து மன்னிப்புக் கேட்கட்டுமா என்று கரோலின் ஆளனுப்பிக் கேட்டாள். பழனியம்மா வேண்டாம் என்றுவிட்டாள். "வந்தா அவங்களுக்கும் நானே ஆறுதல் சொல்லணும். என்னால முடியாது."

பெயிண்ட் அடித்தபோது சைனைட் தூசி வந்து ஈரத்தில் ஒட்டியது. இரண்டு முறை தேய்த்து, மழை பெய்து காற்று அடங்கிய ஒரு மத்தியானம் மூன்றாம் முறையாக அடித்து முடித்தான். சிவப்பு வேண்டாம் என்று கருநீலம். இறக்கிய உயரம், அகலச் சக்கரம், ஐந்து கியர், டிஸ்க் பிரேக் எல்லாம் அவன் போட்ட படத்தில் இருந்தபடியே அமைந்தன. பிரேக்கை மட்டும் மூன்று தரம் கழற்றி மாட்டினான். கோலாருக்குப் போய்ப் பதிவைப் புதுப்பித்து வந்தான். பெங்களூரிலிருந்து கார் பைத்தியங்கள் வந்து படம் எடுத்துப்போனார்கள். அவன் சிரிக்காமல் பக்கத்தில் நின்றான்.

போன மாசம் என்னை ஒரு சுற்று கூட்டிப்போனான். வெயில் நன்றாக ஏறிய பிறகு, பங்காரப்பேட்டை ரோட்டில். பூதிகோட்டைப் பக்கம் அவன் அந்த வண்டியைத் திருப்புவதில்லை. இஞ்சின் தாழ்ந்த குரலில் முனகிக்கொண்டே வந்தது. அத்தனை வேகம் போகக்கூடிய வண்டியை முப்பதிலேயே ஓட்டினான். நேரான ரோடு, முன்னால் ஈ காக்கை இல்லை. திடீரென்று வேகத்தைக் குறைத்து வண்டியை வலப்புறம் ஒதுக்கினான். இடது ஓரம் அகலமாக இடம் விட்டு, ஹாரனை இரண்டு முறை மெல்ல அடித்தான்.

"யாரும் இல்லையே ராகுலா" என்றேன்.

"இல்ல" என்றான். கொஞ்ச தூரம் அப்படியே ஓட்டிப்போய், பக்கத்துக் கண்ணாடியில் பின்னால் பார்த்துவிட்டு, மறுபடி இடப்பக்கம் வந்தான்.