அறுந்துபோன செம்புக் கோடுகள்

எங்கள் குடியிருப்பின் தண்ணீர் மோட்டாரை இயக்கும் மின்பலகை கருகி நாலு மாதம் ஆகியிருந்தது. சாந்தியாகோ நகரத்தில் புதிதாக வாங்க வழியில்லை. நான்காம் மாடி ஒடாலிஸ் ஒரு காலத்தில் தொலைக்காட்சித் தொழிற்சாலையில் மின்பலகைகளுக்கு ஈயம் பற்றவைத்தவள். படுக்கையில் கிடக்கும் கணவன் எவேலியோவுக்காகத் தினமும் எட்டு வாளி தண்ணீர் மேலே சுமந்தாள்.

"இடுப்பு விட்டுப்போச்சு. இன்னும் ஒரு மாசம் தூக்கினா, அவர் பக்கத்துல நானும் படுத்துருவேன்" என்று சொல்லிவிட்டு, அந்தப் பலகையைத் தானே செய்ய உட்கார்ந்தாள்.

பத்திரிகையின் வழவழப்பான தாளில் மின்சாரம் ஓட வேண்டிய கோடுகளை நகல் எடுத்து, செம்பு பூசிய பலகைமேல் கவிழ்த்து இஸ்திரி போட வேண்டும். மை ஒட்டிய இடத்தில் செம்பு தப்பிக்கும். மற்றதைத் திராவகம் தின்றுவிடும். இரண்டு பலகைகள் பாழாயின, கோடுகள் நடுநடுவே அறுந்திருந்தன. தாளை மாற்றிப் பார்த்தாள். விரல் பிசுக்கோ என்று சாம்பல் போட்டுத் தேய்த்தாள். திராவகத்தையும் திட்டித் தீர்த்தாள். கடைசியில் மீட்டரைச் செருகினால், நூற்றுப் பத்து வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் எண்பத்து நாலு. இஸ்திரிப் பெட்டி சரியாகச் சூடேறவே இல்லை. கரண்ட் எப்போது போகுமோ என்ற பயத்தில், வந்த நிமிடமே இருபது வீட்டிலும் மின்னடுப்பைப் போட்டு வோல்ட்டை இறக்கிவிடுவோம்.

மிச்சம் ஒரே பலகை. படிக்கட்டில் நின்று கத்தினாள்: "கரண்ட் வந்ததும் கால் மணி நேரம் யாரும் எதையும் போடாதீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!"

"உன் புண்ணியத்துல என் பீன்ஸு வேகுமா?" என்றார் முதல் மாடி ரிகோபெர்த்தோ. ஆனாலும் எல்லோரும் தலையாட்டினோம்.

மறுநாள் காலை பத்து மணிக்குக் கரண்ட் வந்தது. ஐந்து நிமிடம் பொறுத்தேன். ஒரே ஒரு காபிதானே, அதனால் என்ன வந்துவிடப் போகிறது என்று அடுப்பைப் போட்டேன்.

மதியம் மேலே போனேன். பலகையில் பதினேழு இடத்தில் அறுந்திருந்தது. ஒடாலிஸ் அழவில்லை, அழத் தெம்பில்லை. ஒயரிலிருந்து முடி மாதிரி இழைகளைப் பிரித்து, ஒவ்வொரு அறுப்பின் மேலும் வைத்து ஈயத்தால் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"நான்தான்க்கா... காபி போட்டுட்டேன்." வெட்கமாக இருந்தது.

"நீ மட்டுமா? ரிகோபெர்த்தோ பீன்ஸு, கீழ்வீட்டுக்காரி துணிதேய்ப்பு... ஒண்ணே ஒண்ணுதானேன்னு ஆளாளுக்குப் போட்டிருக்கீங்க. காலையில இருந்து வரிசையா வந்து பாவமன்னிப்பு கேக்குறீங்க, நான் என்ன பாதிரியாரா?" அவள் தலை நிமிரவில்லை. "மேல வர்றப்ப ஒருத்தராச்சும் ஒரு வாளித் தண்ணி தூக்கிட்டு வந்தீங்களா?"

நான் வெறுங்கையோடுதான் போயிருந்தேன். அவள் வாளியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். ஒட்டுப்போட்ட அந்தப் பலகையில் மோட்டார் ஓட இரண்டு நாள் ஆனது. அதுவரை அவள் வாளிகளை நான் சுமந்தேன். மூன்றாம் மாடியிலேயே எனக்கு மூச்சு நின்றுவிடும் போலிருந்தது.