சனி மேட்டில் ஒரு காய்ப்பு

கொழும்பு வெள்ளவத்தைச் சந்தை வாசலில் குடை விரித்து உட்கார்ந்திருக்கும் கைரேகைக்காரர் என்னை வலியக் கூப்பிடுகிறார். நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மூன்று நாள். வலியக் கூப்பிடுகிற எவரையும் நான் நம்புவதில்லை. விலகி நடந்தால் அதுவும் சந்தேகம் என்று கையை நீட்டுகிறேன்.

நடுவிரலடியில் அழுத்துகிறார்.

“சனி மேடு. உழைப்பைச் சொல்லுற இடம். நல்லாக் காய்ச்சுப் போயிருக்கு. என்ன வேலை?”

“கந்தோரில எழுத்து வேலை.” பொய். வெங்காயத் தோட்டம் கொத்துகிற கை இது. இராணுவத்துக்குக் காட்டிக்கொடுக்கிறவர்களும் இப்படித்தான் கேட்பார்களாம்.

“மண்வெட்டி எண்டு உள்ளதைச் சொல்லும், தம்பி. சந்தியில நிக்கிற ஆமிக்காரனும் கை பாக்கிறவன்தான். இயக்கத்தில துவக்குப் பிடிச்சுச் சுட்ட காய்ப்பு எண்டுதான் அவன் வாசிப்பான்.”

கையை இழுத்துக் காற்சட்டைப் பைக்குள் விடுகிறேன்.

“ஐயோ, அதை வெளியில எடும்,” என்கிறார். “அவன் பாத்துக்கொண்டு நிக்கிறான்.”